அம்பை 16-உம் ஐ5-12400-உம்

கம்ப்யூட்டர் கடையில் எல்லோரும் கேட்பது ஐ7. அந்த ஏழு சொல்வதைவிட அதற்குப் பின்னால் வரும் எண்தான் நிறையச் சொல்கிறது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பிரிண்டருக்கு இங்க் வாங்க நின்றுகொண்டிருந்தேன். வீரவநல்லூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். பால்பாயின்ட் பேனாவில் இரண்டே வரி: 'ஐ7. 16 ஜிபி.'

"என்ன சோலிக்கு அண்ணாச்சி?"

"பயலுக்கு. ஊர்ல இ-சேவை மையம் போடப் போறான்."

"டிசைன், வீடியோ எடிட்டிங்னு வேற ஏதும் உண்டா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணிக் குடுக்கணும், பிரிண்ட் எடுக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப ஐ3-யே தாராளமாப் போதும். மிச்ச ரூவாய்க்கு நல்ல பிரிண்டரா வாங்கிக்கிடுங்க."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "பயல் ஏழுன்னு எழுதியிருக்கான். நீங்க மூணைத் தலையில கட்டப் பாக்கீயளே."

கடைக்காரருக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சிக்கு வயல் உண்டா? காருக்கு என்ன நெல்லு போடுவீய?"

"அம்பை 16."

"அம்பை 18-னும் ஒண்ணு இருக்குல்லா? 16-ஐ விட 18 பெரிசுதான, அதப் போட வேண்டியதான?"

"அது வெறும் நம்பர். ரகம் வேற, நாள் வேற. நம்பரப் பாத்தா விதைப்பாவ?"

"அதேதான் அண்ணாச்சி இங்கயும்."

கம்ப்யூட்டர் பிராசஸரைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களிலேயே சுருக்கமானது இதுதான்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு ரகப் பெயரைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் ரகங்கள் ஏஎஸ்டி வரிசை. ஊர் வாயில் 'அம்பை'. ஆடுதுறை ரகங்கள் ஏடிடி, கோயம்புத்தூர் ரகங்கள் கோ. ஏடிடி 31-ஐயும் கோ 39-ஐயும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய அம்பை 16, 1986-இல் வெளிவந்தது. 110 நாளையொட்டி அறுவடைக்கு வரும், குட்டையான பருமன் அரிசி. 18 என்பது பின்னால் வந்தது என்பதற்கான வரிசை எண், அவ்வளவே. கன்னடியன் கால், கோடகன் கால் என்ற வாய்க்கால்களில் எப்போது தண்ணீர் திறப்பார்கள், இது கார் பருவமா பிசானப் பருவமா, அரிசி இட்லிக்கா சோற்றுக்கா என்று பார்த்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தனை நுணுக்கமாக எண்ணைப் படிக்கிற ஊர், கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் மூன்றைவிட ஏழு பெரிது என்று ஒன்றாம் வகுப்புக் கணக்குக்குப் போய்விடுகிறது.

ஒரு பொதுவான தப்பு எண்ணத்தை முதலில் தள்ளிவிடலாம். ஐ3 என்றால் மூன்று கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் கை), ஐ5 என்றால் ஐந்து கோர் என்பது இல்லை. டெஸ்க்டாப்புக்கு ஏழு கோர் உள்ள ஐ7 என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்டெல் நிறுவனம் 2008 நவம்பரில் ஐ7 என்ற பெயரைக் கொண்டுவந்தது. 2009-இல் ஐ5, 2010 தொடக்கத்தில் ஐ3. ஐ9 வந்தது 2017-இல்தான். 3, 5, 7, 9 என்பவை அந்தந்த வருஷத்துச் சரக்குக்குள் யார் மேல், யார் கீழ் என்று சொல்லும் படிக்கட்டு. 2011-ஆம் வருஷத்து மேல்படி 2022-ஆம் வருஷத்துக் கீழ்ப்படியைவிட உயரமா என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது அடுத்து வரும் எண். ஐ5-12400 என்று பெட்டியில் போட்டிருந்தால், கடைசி மூன்று இலக்கத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். மிச்சம் நிற்கும் 12 தலைமுறை. ஐ7-2600-இல் மிச்சம் 2, அதாவது இரண்டாம் தலைமுறை. மறைத்த 400, 600 எல்லாம் அந்தத் தலைமுறைக்குள் இருக்கும் தரவரிசை. விற்பவர் 'ஐ7' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமுறையைச் சொல்லாமல் விட்டால், வண்டி என்ன மாடல் என்று சொல்லாமல் 'புல்லட்' என்று மட்டும் சொல்லி விற்பதைப் போல. நாம்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில், எந்தக் கடை என்பது இருக்கட்டும், பெரிய நிறுவனம் ஒன்று கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பை 'ஐ7 சார், ஆபீஸ் ஐட்டம்' என்ற ஒரே வார்த்தைக்கு மயங்கி வாங்கி வந்தேன். பெட்டியில் நீல ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. ஒரு வருஷம் கழித்துத் தூசி தட்டத் திறந்தபோது, ஃபேனைக் கழற்றி, சிமென்ட் மாதிரி காய்ந்து கிடந்த பேஸ்ட்டைப் பழைய பனியன் துணியால் துடைத்தேன். தீப்பெட்டியைவிடச் சின்ன உலோகத் தகடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது: ஐ7-2600. 2011 ஜனவரியில் வந்த ரகம்.

அதை 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட். அடிப்படை வேகம் பழைய ஐ7-க்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், புதிய ஐ3-க்கு 3.3. காகிதத்தில் ஐ7 ஒரு துளி முன்னால். ஆனால் ஒற்றைக் கோரின் வேலைத்திறனை அளந்தால், புதிய ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார் என்ற கணக்கு. ஒவ்வொரு குனிவிலும் எத்தனை நாற்று ஊன்றுகிறார் என்பது வேறு கணக்கு. பத்து வருஷத்தில் மாறியது பெரும்பாலும் இரண்டாவதுதான். மின்சாரத்திலும் பழையது 95 வாட் வகை, புதியது 60 வாட். சித்திரை வெயிலில் மாடி அறையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த 35 வாட்டின் அருமை தெரியும்.

இந்தப் பழைய ஐ7 வியாபாரம் இப்போது இன்னும் சூடு பிடித்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ரைசன் என்றால் 2000 வரிசை முதல் என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். அந்தக் கோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ7-7700 வந்தது 2017 ஜனவரியில். ஐ3-8100 வந்தது அதே 2017 அக்டோபரில். முன்னதற்கு விண்டோஸ் 11 பட்டியலில் இடமில்லை, பின்னதற்கு உண்டு. ஒன்பது மாத இடைவெளியில் ஏழு வெளியே நிற்கிறது, மூன்று உள்ளே போகிறது. அலுவலகங்கள் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெட்டிகளைக் கழிக்கின்றன. அவை சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்கள் வழியாக நம் ஊர்க் கடைகளுக்கு 'ஐ5', 'ஐ7' ஸ்டிக்கருடன் வந்து சேர்கின்றன. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் அவற்றில் நல்ல பெட்டிகள் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டுக்குக் கீழே என்று தெரிந்து அதற்கேற்ற விலையில் வாங்குவது வேறு, ஐ7 என்று ஏமாந்து அல்வா வாங்குவது வேறு. திருநெல்வேலியில் நல்ல அல்வாவே கிடைக்கும்போது அந்த அல்வா எதற்கு?

எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை எழுத்தைத்தான் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கடைக்காரர் அன்று சொன்ன கதை: இன்ஜினீயரிங் படிக்கிற பையன் ஒருவன் உதிரிபாகங்களை ஆன்லைனில் வாங்கி, யூடியூப் பார்த்துத் தானே பூட்டியிருக்கிறான். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. போர்டு செத்துவிட்டது என்று பையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் ஒரு வாரத் தூக்கமின்மை. கடைக்காரர் போர்டைத் தொடவே இல்லை. "டப்பாவக் காட்டு" என்றார். ஐ5-12400 எஃப்.

எஃப் என்றால் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி இல்லை. தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும். போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அந்தக் காலில் தண்ணீர் வராது. எஃப் இல்லாத 12400-ஐவிட இது கொஞ்சம் மலிவு. அந்த மலிவைப் பார்த்துத்தான் பையன் வாங்கியிருக்கிறான். விளையாட்டுக்காக எப்படியும் கார்டு வாங்கப் போகிறவனுக்கு எஃப் நல்ல பேரம். அலுவலக வேலைக்கு வாங்குகிறவருக்குப் பொறி.

ஒரே பிராசஸரில் இப்படிக் கிராஃபிக்ஸ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு எப்படி வருகிறது? ரைஸ்மில்லில் பார்த்திருப்பீர்கள். ஒரே நெல் உள்ளே போகிறது. சல்லடை முழு அரிசி வேறு, குருணை வேறாகப் பிரிக்கிறது. சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சில்லுகளும் அப்படித்தான். எல்லாப் பகுதியும் சரியாக அமைந்தது மேல் வரிசைக்குப் போகும். ஒரு கோரோ கிராஃபிக்ஸோ சரியில்லையென்றால் அந்தப் பகுதியை அணைத்துவிட்டு, கீழ் வரிசைப் பெயரில் விற்பார்கள். சில சமயம் நன்றாக இருப்பதையும் சந்தைக்காக வேண்டுமென்றே அணைப்பதுண்டு. குருணை என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. கஞ்சிக்கு அதுதான் ருசி.

பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் இந்த எஃப் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸோடு சேர்ந்தே 'குவிக் சிங்க்' என்ற வீடியோ இயந்திரம் வருகிறது, 2011 முதல். கேமராவிலிருந்து வரும் வீடியோவைப் பிரித்துக் காட்டுவதையும், முடித்த படத்தைச் சுருக்கி எழுதுவதையும் அது தனியாகப் பார்த்துக்கொள்ளும். எஃப் வகையில் அதுவும் சேர்ந்து போய்விடும்.

மற்ற எழுத்துகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கே என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளப் பூட்டுத் திறந்திருக்கும். அதற்கு இசட் வகைச் சிப்செட் உள்ள விலை கூடின போர்டு வேண்டும். கூலரும் தனியாக வாங்க வேண்டும். எச்610 போர்டில் கே பிராசஸரைப் போட்டு விற்கிற செட்டை நானே பார்த்திருக்கிறேன். மாட்டு வண்டிக்கு ரேஸ் குதிரை. டி என்றால் அடிப்படை மின்கணக்கு 35 வாட் என்கிற சிக்கன வகை. கைக்கு அடக்கமான சின்னப் பெட்டிகளில் வரும். ஐ9-14900 கே-யின் அடிப்படைக் கணக்கே 125 வாட், முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் என்பதோடு இதை ஒப்பிட்டால் எழுத்தின் எடை புரியும்.

12-ஆம் தலைமுறையிலிருந்து இன்னொரு குழப்பம் சேர்ந்தது. அதுவரை டெஸ்க்டாப் பிராசஸருக்குள் எல்லாக் கோரும் ஒரே மாதிரி. 2021 நவம்பரிலிருந்து இன்டெல் டெஸ்க்டாப்பிலும் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு வகையைக் கலக்க ஆரம்பித்தது. நடவுக்கு ஆறு தேர்ந்த கை, கூடமாட ஒத்தாசைக்கு நாலு சின்னப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ5-12400-இல் இருப்பது ஆறு பெரிய கோர் மட்டும். ஐ5-13400-இல் ஆறு பெரிது, நாலு சின்னது. விளம்பரத்தில் '10 கோர்' என்று வரும். பொய்யில்லை, ஆனால் பத்தும் ஒரே கை இல்லை. அடுத்து வந்த ஐ5-14400-இலும் அதே ஆறும் நாலும்தான். உச்ச வேகம் 4.6-இலிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆனது. ஒரு தலைமுறை வித்தியாசம் என்று சொல்லி 13-க்கும் 14-க்கும் இடையில் பெரிய தொகை கேட்டால், அந்த 0.1-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஐ7 வரிசையில் மட்டும் 14-ஆம் தலைமுறைக்குக் கூடுதலாக நாலு சின்னக் கோர் கிடைத்தது.

இதே 13, 14 தலைமுறைகளில் மேல்வரிசைப் பிராசஸர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி நிலைகுலைந்த விவகாரம் 2024-இல் வெளிவந்தது. இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. பழையதாக 13, 14-இல் ஐ7, ஐ9 வாங்குகிறவர்கள் பயாஸ் புதுப்பித்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் மனப்பாடமான பிறகு இன்டெல் பலகையையே அழித்து எழுதிவிட்டது. 'ஐ' போய்விட்டது. 2024 அக்டோபரில் டெஸ்க்டாப்புக்கு வந்தது 'கோர் அல்ட்ரா' 200 வரிசை. அல்ட்ரா 5 225 என்ற எண்ணைப் பார்த்தால் 14400-க்கு முந்தினது போலத் தோன்றும். உண்மையில் அதற்குப் பிந்தினது. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் திரெட் ஏற்பாட்டையும் இந்த வரிசையில் எடுத்துவிட்டார்கள். சாக்கெட்டும் மாறி எல்ஜிஏ 1851 ஆகிவிட்டது. 12, 13, 14 மூன்றும் எல்ஜிஏ 1700 என்ற ஒரே சாக்கெட்டில் உட்காரும் என்பதால், பழைய 12-ஆம் தலைமுறைப் போர்டு வைத்திருப்பவர் பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றலாம். அல்ட்ராவுக்குப் போனால் போர்டும் புதிது வேண்டும்.

ஏஎம்டி-காரர்கள் 2017 மார்ச்சில் ரைசனைக் கொண்டுவந்தபோது இன்டெல்லின் 3, 5, 7-ஐ அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வாங்குகிறவருக்கு எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியட்டும் என்ற புத்திசாலித்தனம். போர்டு சிப்செட்டிலும் ஏஎம்டி பி350 வந்தது; மறுவருஷம் இன்டெல் பி360 வந்தது. ஒரே தெருவில் 'அசல்', 'அதே அசல்' என்று போட்டிப் பலகை வைக்கிற கடைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ரைசனில் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2019-இல் ரைசன் 5 3600, ரைசன் 5 3400 ஜி என்று இரண்டு வந்தன. இரண்டும் '3000'. ஆனால் 3600 புதிய ஜென் 2 கட்டமைப்பு, ஆறு கோர். 3400 ஜி முந்தைய கட்டமைப்பு, நாலு கோர். இங்கே ஜி என்றால் உள்ளே நல்ல கிராஃபிக்ஸ் உண்டு என்று பொருள். அதற்காக வேறு இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார்கள். 5600 ஜி-யில் கேஷ் நினைவகம் 16 எம்பி, ஜி இல்லாத 5600-இல் 32 எம்பி. கார்டு வாங்கக் காசில்லாத மாணவனுக்கு, தாராளமாக 5600 ஜி. கார்டு இருந்தால் 5600. ஏஎம்டி-யிடம் எனக்குப் பிடித்தது சாக்கெட் விஷயம்: ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டில் 2017 முதல் 5000 வரிசை வரை ஓட்டினார்கள். 2022-இல் ஏஎம்5 வந்தது.

பெயர் வைப்பதில் நம்மூர்க்காரர்கள் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடி-யில் காமகோடி தலைமையிலான குழு 'சக்தி' என்ற பிராசஸர் குடும்பத்தை வடிவமைத்திருக்கிறது. 2018-இல் அதன் முதல் சில்லு லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதன் வரிசைகளுக்கு ஈ-கிளாஸ், சி-கிளாஸ், ஐ-கிளாஸ் என்று பெயர். ஈ சின்னஞ்சிறு பதிபொறிக் கருவிகளுக்கு, சி நடுத்தரக் கட்டுப்பாட்டு வேலைகளுக்கு, ஐ பெரிய வேலைகளுக்கு. கடையில் வாங்கி டெஸ்க்டாப்பில் போடுகிற சரக்கில்லை அது. ஆனால் என்ன சோலிக்கு என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நானும் கடைக்காரரும் பேசிய பேச்சில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. வீரவநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கடைக்காரர் அலமாரியிலிருந்து சின்ன நீலப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விதைப் பையில் அட்டை பார்க்கிற மாதிரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் எண்ணுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார். பெரியவர் ஃபோனை எடுத்தார்.

"ஏலே, ஏழு வேண்டாங்காவ. மூணுதான். பன்னெண்டு ஒண்ணு பூஜ்யம் பூஜ்யம்... கடைசில எழுத்து ஒண்ணும் கிடையாது, அதான் நல்லதாம். எழுத்து இருந்தா படம் தெரியாதாம்."

மறுமுனையில் பையன் நெடுநேரம் பேசினான். பெரியவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துக் கையால் பொத்திக்கொண்டு கடைக்காரரைப் பார்த்தார்.

"தம்பி, அந்த மிச்ச ரூவாய்க்கு வாங்குத பிரிண்டர்ல ஜெராக்ஸும் எடுக்கலாமான்னு கேக்கான்."